ஏனோக் ஓல்டனுக்கு ஒட்டிக்கொண்ட எழுத்து

ஓல்டன் வீட்டில் யாராவது பாத்திரம் கழுவாமல் நழுவினால், "ஏனோக் வேலையைக் காட்டிட்டான்" என்பார்கள். கல்யாண வாழ்க்கையிலிருந்து நழுவினாலும் அதே பேச்சுதான். ஏனோக் ஓல்டன் அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பன். பீங்கான் தொழிற்சாலையில் தட்டு வார்த்தவன். பெண்டாட்டி கெசையாவையும் நாலு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டான் என்பது குடும்பக் கதை. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷன் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். எதிர்த்துப் பேசாத ஆள் என்பதால் எல்லோருக்கும் சௌகரியம்.

லினெட்டுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பது வருஷமாகப் பரிமாறுகிறவள். ஒரு பிள்ளைக்குத் தட்டு வராவிட்டால் மொத்த வரிசையையும் நிறுத்திவிடுவாள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அப்பா வீட்டை விட்டுப் போனார். ஏனோக் ரத்தம், நாம் என்ன செய்ய முடியும் என்று அத்தைகள் அதோடு கையைத் துடைத்துக்கொண்டார்கள். ரத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஆளைத் தேட வேண்டியதில்லை பாருங்கள். அந்தக் கோபம் லினெட்டுக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேடினாள். 1881இல் மார்ல் தெரு ஏழாம் நம்பரில் ஏனோக் இருக்கிறான். 1891இல் இல்லை. கெசையாவின் பெயருக்கு எதிரே 'விதவை' என்று இருந்தது.

தம்பி கிளைவ் சிரித்தான். "ஓடிப்போனவன் பொண்டாட்டி எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கக்கா. எம்புருஷன் கம்பி நீட்டிட்டான்னு கணக்கெடுக்க வந்தவன்கிட்டயா சொல்லுவா?"

"செத்தவன் பொண்டாட்டியும் அப்படித்தாண்டா சொல்லுவா."

இரண்டு குளிர்காலம் போயிற்று. கப்பல் பயணிகள் பட்டியலில் ஏனோக் ஓல்டன் இல்லை. இறப்புப் பதிவிலும் இல்லை. மிச்சம் இருந்தது கொட்டடி. விக்டோரியா ராணி காலத்தில் வக்கற்றவர்களை அடைத்துப்போட்டு வேலை வாங்கிய ஏழை விடுதியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே போவதைவிட ஜெயிலுக்குப் போவது கௌரவம். இரண்டு பஸ் மாறி ஆவணக் காப்பகம் போய், கொட்டடிப் புத்தகங்களில் 'ஓ' பக்கங்களை ஒன்றுவிடாமல் புரட்டினாள். அங்கேயும் இல்லை.

அந்த வருஷம்தான் ஊர் வரலாற்றுச் சங்கம், கொட்டடியில் செத்து ஊர்ச் செலவில் புதைக்கப்பட்டவர்களுக்குப் பெயர்க்கல் வைக்க முடிவு செய்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பட்டியல் மார்ச் மாதம் இரண்டாம் வெள்ளியோடு முடிகிறது. அதற்குப் பிறகு கல்லில் வெட்டினால் வெட்டினதுதான். ஏனோக் அங்கேதான் கிடக்கிறான் என்று லினெட்டின் மனசு சொன்னது. மனசு சொல்வதைக் கல்லில் வெட்ட மாட்டார்கள்.

பட்டியல் முடிகிற வாரம், செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பல்வலி வந்தது. பல் டாக்டரிடம் வரவேற்பில் ஒரு புதுப் பெண், தெற்கத்திக்காரி. பெயர் கேட்டாள், லினெட் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து லினெட் ஹோல்டன், லினெட் ஹோல்டன் என்று அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். யாரோ என்று லினெட் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை அந்தப் பெண் எதிரிலேயே வந்து நின்றாள்.

"நான் ஓல்டன்மா."

"ஆமாங்க, ஹோல்டன். அதத்தானே எழுதியிருக்கேன்."

எங்கள் பக்கத்து நாக்கில் 'ஹ' ஏறாது. ஹாரி எங்களுக்கு ஆரி. ஹாம் என்கிற பன்றிக்கறி எங்களுக்கு ஆம். படித்த வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியும். அதனால் நாங்கள் ஒரு 'ஹ'வை விழுங்கிவிட்டோம் என்று நினைத்து, தர்மத்துக்கு அவர்களே ஒன்றை எடுத்து வைத்துவிடுவார்கள். பிறக்கும்போதே 'ஹ' இல்லாமல் பிறந்தவன் கதி அதோகதி.

லினெட் பத்திரிகையைக் கீழே வைத்தாள். "நீ நல்லா இருக்கணும் வாத்தே," என்றாள். வாத்து என்பது எங்கள் ஊரில் வசவு அல்ல, பிரியம். தெற்கத்திக்காரிக்கு அது தெரியாது. அவள் முகம் சிவப்பதற்குள் லினெட் சொத்தைப் பல்லோடு தெருவில் இறங்கிவிட்டாள்.

மறுநாள் காப்பகத்தில் 'ஹோ' பக்கத்தைத் திறந்தாள். ஏனோக் ஹோல்டன், தட்டு வார்ப்பவன், வயது நாற்பது. களிமண் தூசியால் நுரையீரல் கெட்டவன். நோயாளிக் கூடத்தில் சேர்த்தது 1886 நவம்பர். இறந்தது 1887 பிப்ரவரி. மனைவி கெசையா, மார்ல் தெரு ஏழு. கீழே வேறொரு கையெழுத்தில், 'மனைவிக்குத் தெரிவிக்கப்பட்டது.'

ஆக, கெசையாவுக்குத் தெரியும். அப்பன் கொட்டடியில் செத்தான் என்பதைவிட அமெரிக்காவுக்கு ஓடினான் என்றால் பிள்ளைகள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். லினெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சங்கத்துச் செயலாளர் ப்ரிண்ட்லியின் மேஜை முன்னால் நின்றாள். பட்டியலில் நூற்று எண்பத்தேழாவது பெயர் ஏனோக் ஹோல்டன். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. ஆனால் கல்லில் ஏறக் காத்திருந்தான்.

"புத்தகத்துல உள்ளபடிதான் வெட்டணும்னு கமிட்டி முடிவு, லினெட். ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"வரட்டுமே. இத்தனை வருஷமா யாரும் வரலேன்னுதானே கல்லே வெக்கிறீங்க?"

அது வேறு ஏனோக்காகவும் இருக்கலாமே என்றார் அவர். 1881 கணக்கு, 1891 கணக்கு, கொட்டடிப் புத்தகம் என்று லினெட் மூன்று நகல்களை வரிசையாகப் பரப்பினாள்.

"ஏழாம் நம்பர்ல ரெண்டு ஏனோக். ரெண்டு பேரும் தட்டு வார்க்கிறவங்க. ரெண்டு பேருக்கும் கெசையான்னு பொண்டாட்டி. கீழ ஒரு ரூம், மேல ஒரு ரூம். எங்கய்யா படுத்தாங்க அத்தனை பேரும்?"

ப்ரிண்ட்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த மாசக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். அதற்குள் கல்லே நட்டுவிடுவார்கள். லினெட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள், உட்கார்ந்தாள், பையிலிருந்து சீஸ் வைத்த ஓட்ஸ் அடையை எடுத்து வலிக்காத பக்கமாக மெல்ல ஆரம்பித்தாள். ஐந்து மணிக்கு அவர் கட்டடத்தைப் பூட்ட வேண்டும். நாலு மணிக்கு ஓர் உறுப்பினருக்கு போன் செய்தார், நாலரைக்கு இன்னொருவருக்கு. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேனாவை எடுத்து 'ஹ'வை அடித்தார்.

லினெட் ஒத்துக்கொள்ளவில்லை. வரியையே புதிதாக எழுதச் சொன்னாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்ல, அவர் எழுதினார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தம்பிக்கு போன் செய்தாள். நடந்ததை அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கிளைவுக்கு அது பழக்கமில்லாத காரியம்.

"அமெரிக்கா போகலடா. நம்ம தெருவுலேர்ந்து ஒன்றரை மைல்."

போனில் அவன் இழுப்பறையைத் திறந்து பேனா தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "புதைச்ச அந்த நிலம் எங்கக்கா இருக்கு? எந்த பஸ் போகும்?" என்றான்.

லினெட் நம்பரைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ் ஓடாது, சனிக்கிழமையே வா என்றாள்.