வரைபடத்தில் இல்லாத கோயில்

பிரிக்பீல்ட்ஸில் என் வாடகைக் காரில் ஏறிய அந்தப் பெரியவர், கேரி தீவு போகும் வழியில் தென்பட்டவர்களை எல்லாம் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். ஒருமுறை தேர்தலில் நின்று தோற்றவராம். கை மட்டும் இன்னும் பிரச்சாரத்தில் இருந்தது. அதற்கு முன் நில அளவை இலாகாவில் வரைபடம் வரைந்தவர். இப்போது ஒரு சோலார் கம்பெனிக்கு நிலம் பார்க்கிறார்.

என் போன் சொன்ன வழியை அவர் நம்பவில்லை. மடியில் விரித்திருந்த பழைய வரைபடத்தைத் தட்டி, "இது நானே வரைஞ்சது லா, தம்பி. தப்பே வராது," என்றார்.

அதில் காலி நிலம் என்றிருந்த இடத்தில், செம்பனை மரங்களின் ஓரமாக ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் வரைபடத்தைக் காட்டி, "அக்கா, இதுல இப்படி ஒரு கோயிலே இல்லையே," என்றார்.

அந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்தினார். "எலெக்சன் அப்போ இங்கதானே வந்தீங்க? இந்தக் கோயில்மேல எவன் கை வச்சாலும் விடமாட்டேன்னு சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணீங்களே."

பெரியவர் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு என் காரின்மேல் வரைபடத்தை விரித்து, பென்சிலால் பொறுமையாக ஒரு சின்னக் கோபுரம் வரைந்தார். கம்பெனிக்குப் போன் போட்டார்.

"இந்த இடம் சரிப்படாது, பாஸ். மேப்பிலயே கோயில் இருக்கு."

அவர் காப்பாற்றியது சத்தியத்தையா, வரைபடத்தையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.