கால்பந்துக் கமிட்டிக்கு நான் எழுதிய மனு

இன்று காலை காசிம் அண்ணன் மறுபடியும் ஒரு வெள்ளைத் தாளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

(பி.ஏ. முடித்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. விடுதியில் என்னோடு இருந்த உங்களுக்குத் தெரியாததா?)

தோழிகளே, போன முறை, நாம் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதி அனுப்பிக்கொள்ளும் சுற்று நோட்டு என்னிடம் வந்தபோது ஒரு வரிகூட எழுதாமல் அடுத்தவளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டிருந்தீர்கள். இப்போது சொல்கிறேன்.

எங்கள் திருப்பாலைக்குடியில் ஒரு கால்பந்து அணி உண்டு. காசிம் அண்ணன்தான் கேப்டன். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள்.

கடல் வற்றும் நேரம் பார்த்து ஈர மணலில் ஆடுவார்கள். பந்து ஒன்றே ஒன்று. (அதில் தோலைவிடத் தையல் அதிகம்.)

ஜில்லாப் போட்டியில் மூன்று வருடமாக மில் அணியிடமே தோற்றோம். அவர்களுக்கு முதலாளி இருக்கிறார், வேன் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, ஆட்டம் முடிந்தால் பாலும் முட்டையும் இருக்கிறது.

ஆனாலும் மூன்று முறையும் ஒரே ஒரு கோல் வித்தியாசம்தான். அடுத்த முறை ஜெயித்துவிடலாம் என்று ஊரே நம்பியது. என் தம்பி சேது இருந்ததால் வந்த நம்பிக்கை அது.

அந்த நேரத்தில்தான் ஜில்லாக் கமிட்டி புது விதி போட்டது. பூட்ஸ் இல்லாதவர்கள் ஆட முடியாது.

காசிம் அண்ணன் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, கமிட்டிக்கு இங்கிலீசுல ஒரு மனு எழுதிக் குடு. பூட்ஸுக்கு ஏதாச்சும் ஒதவி பண்ணச் சொல்லு. சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்கெ. நம்ம பயலுக எப்பிடி ஆடுவாங்கென்னு நல்லா எழுது.”

எழுதினேன்.

பேச வராத எனக்கு எழுத வரும். கருவாடு காயும் இடத்திலிருந்து தினமும் ஆட்டம் பார்த்தவள் நான். சேதுவைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம். கால் புதையும் மணலிலும் அவன் தார் ரோட்டில் ஓடுவது போல ஓடுவான் என்று எழுதினேன். இடது காலால் அவன் அடிக்கும் பந்து கடைசி நேரத்தில் வளைவதை எழுதினேன். அவன் வயதைக்கூட விட்டுவைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஜீப் வந்தது.

இறங்கியவர் கமிட்டியின் செக்ரட்டரி. மில்லின் மேனேஜரும் அவரேதான். (இது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது.) கையில் என் மனு.

“இதை யார் எழுதினது? ரொம்ப நல்ல இங்கிலீஷ்” என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஜீப்பிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார்கள். மில் அணி போட்டுத் தேய்த்த பழைய பூட்ஸ்கள். பிறகு எங்களைப் பெற்ற அய்யாவிடம் திரும்பி, சேதுவுக்கு மில்லில் வேலை, தங்க இடம், மாதச் சம்பளம் என்றார்.

அய்யா காசிம் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

“என்னைய என்ன பாக்குறீக? சோறு கெடைக்கிற எடத்துக்குப் போறவன மறிக்கவா முடியும்? போயிட்டு வரட்டும்” என்றார் அவர்.

மறுநாள் சேது போனான்.

பூட்ஸ் சாக்கு மட்டும் எங்களிடம் இருந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் பூட்ஸைப் பராமரித்துப் பழக்கமில்லை. நூல் வலை மக்காமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் கொதிக்க வைப்பார்கள். பூட்ஸையும் அதே அண்டாவில் போட்டார்கள்.

“வலையே ரெண்டு வருசம் தாங்குது. தோலு தாங்காதா?” என்றார்கள்.

தாங்கவில்லை. ஒவ்வொன்றும் சுருங்கிக் கட்டையாகிவிட்டது. முன்பக்கத்தை அரிவாளால் வெட்டி, விரல்கள் வெளியே தெரிய மாட்டிக்கொண்டார்கள். (நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, பூட்ஸ்தான் என்று ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர்.)

ராமநாதபுரத்தில் ஆட்டம். மறுபடியும் மில் அணிதான். அய்யாவோடு கயிற்றுக்கு வெளியே நின்றேன்.

சேது மில் அணியின் நீலச் சட்டையில் இருந்தான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதற்கப்புறம் அது நடந்தது.

பந்து காசிம் அண்ணன் காலுக்கு வந்தது. இரண்டு பேர் அவரை நெருக்கினார்கள். நிமிர்ந்தார். எதிரே சேதுவின் முகம் தெரிந்தது. சட்டையின் நிறத்தை அவர் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக உதைத்தது போலவே அவனிடம் உதைத்துவிட்டார்.

சேது பந்தை மிதித்தபடி ஒரு கணம் நின்றான். அவனுக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

மில் பக்கமிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அடித்தான். பந்து கடைசி நேரத்தில் வளைந்தது.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் ஓடவில்லை. நடந்தார்கள். இன்னும் நாலு கோல் விழுந்தது.

முடிந்ததும் சேது தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

“அண்ணே, அது நீங்க குடுத்த பாஸு.”

“தெரியும்லே. வாங்குற சம்பளத்துக்கு ஒழைக்கணும்ல? போ, அங்கன முட்டை ஆறுது” என்றார் காசிம் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சேது சிரிக்கவில்லை.

அவன் அனுப்பும் பணத்தில்தான் இப்போது எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. நானும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். அதனால்தான் போன முறை எழுத முடியவில்லை.

இன்று காலைக்கு வருகிறேன்.

காசிம் அண்ணன் தாளைக் கதவிடுக்கு வழியாக நீட்டினார்.

“இந்த வருசமும் ஒரு மனு எழுதணும், தங்கச்சி. புதுசா ரெண்டு பயலுக நல்லா வந்துருக்காங்கெ.”

“சரிண்ணே.”

வாசற்படி வரை போனவர் திரும்பி வந்தார்.

“யாரு நல்லா ஆடுறான்னு மட்டும் எழுதிறாத.”

மத்தியானத்திலிருந்து தாள் அப்படியே இருக்கிறது. நாங்கள் பதினொரு பேர், காலுக்குப் பூட்ஸ் இல்லை என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை.

நன்றாக ஆடுகிறவர்கள் என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். சொல்லாவிட்டால் எதற்கு உதவ வேண்டும் என்பார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? நோட்டின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.