ரோண்டாவுக்கு வேண்டிய மூன்று ஆட்டங்கள்

எந்த ஊருக்குக் குடிபோனாலும் ரோண்டா முதலில் வாங்குவது குளியலறைத் திரைச்சீலை. மற்றதெல்லாம் பெட்டிகளிலேயே கிடக்கும். பாத்திரத்தில் இரண்டு, துணியில் கொஞ்சம், மகன் ஐசாயாவின் மருந்துகள், இவ்வளவுதான் வெளியே வரும். சுவரில் ஆணி அடிக்க மாட்டாள். கணவன் லமாண்ட், பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன். இப்படி வாழ அவன் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

லமாண்ட் முன்வரிசைக்காரன். பந்தை எறிகிறவன்மேல் எதிராளிகள் வந்து விழாமல் உடம்பைக் குறுக்கே போட்டு மறிப்பது அவன் வேலை. கதவில் நுழையும்போது சற்றே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். இரண்டு வருடம் லூயிவில் அணியின் முதன்மைப் பட்டியலில் இருந்தான். பெரும்பாலும் பெஞ்சில்தான். ஆனாலும் பெயர் பட்டியலில் இருந்தது. லீக்கின் கணக்குக்கு அது போதும்.

அந்தக் கணக்கைத்தான் ரோண்டா இரவும் பகலும் மனதில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருடமும் குறைந்தது மூன்று ஆட்டங்களுக்கு அவன் பெயர் முதன்மைப் பட்டியலில் இருந்துவிட்டால், பிற்காலத்தில் ஓய்வூதியம் உண்டு. அதைவிட முக்கியம், ஆட்டத்தை விட்ட பிறகும் சில வருடங்களுக்குக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. ஐசாயாவுக்கு நான்கு வயது. வலிப்பு வரும். வந்தால் உதடு நீலமாகிவிடும்.

ஆகஸ்ட் கடைசியில் எல்லா அணிகளும் ஆட்களைக் கழிக்கும் நாளில், பயிற்சிக்கூட வாசலில் ஓர் உதவியாளர் லமாண்டின் தோளைத் தொட்டார். "மேனேஜர் பார்க்கணுமாம். டேப்லட்டையும் எடுத்துட்டு வா." ஆட்டத் திட்டங்கள் எல்லாம் இருக்கும் டேப்லட்டைத் திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம் என்பது அங்கே தண்ணீர் ஊற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

"உன்னை வேவர்ல போடுறோம்" என்றார் மேனேஜர். கழித்துவிட்ட ஆளை வேறு எந்த அணியாவது எடுத்துக்கொள்கிறதா என்று ஒரு நாள் காத்திருப்பதற்குத்தான் வேவர் என்று பெயர். "யாரும் எடுக்க மாட்டாங்க, பயப்படாதே. அதுக்குத்தானே சீசனுக்கு முந்தின கடைசி ரெண்டு ஆட்டத்துல உன்னை இறக்கவே இல்ல? நாளைக்கே பயிற்சிக் குழுவுல சேர்த்துக்கறோம்."

பிடித்த ஆளைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்துவைப்பது அணிகளின் வழக்கம். லமாண்டுக்கு அது பெருமையாகவே இருந்தது. ரோண்டாவுக்கு இல்லை. பயிற்சிக் குழுவில் இருக்கும் வாரங்கள் கணக்கில் சேராது. அந்த ஒரு நாள் முழுக்க, யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் வேண்டினாள். யாரும் எடுக்கவில்லை.

பயிற்சிக் குழுவில் லமாண்டுக்கு வாரம் ஒரு வேடம். அடுத்து எந்த அணியோடு மோதப் போகிறார்களோ, அந்த அணியின் ஆள் மாதிரி நிற்க வேண்டும், அவன் மாதிரி தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின்போது வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருப்பான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் போனது. பந்தோடு ஓடுகிற ஆட்டக்காரன் ஒருவனுக்குக் காலில் அடி. பதிலாள் வேண்டும், குழுவில் இடமில்லை. மறுபடியும் தோளில் கை, மறுபடியும் டேப்லட்.

மறுநாள் காலை அவனுடைய ஏஜென்ட் ஹாலிஸ் போனில் கத்தினார். "பெரிய ஆளே! துல்சா கூப்பிடுறான்டா! முதன்மைப் பட்டியல்! உடனே விமானம் ஏறு!"

லமாண்ட் ரோண்டாவைத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். அவளும் சிரித்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை துல்சா ஆடப்போவது லூயிவில்லோடு.

கிளம்பும் முன் பக்கத்துத் தெரு டோரி வந்தாள். லூயிவில் முன்வரிசையில் நடுவில் நிற்கும் வேட் என்பவனின் மனைவி. ஐசாயாவுக்கு முதல்தடவை வலிப்பு வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் அவள்தான். கோழியும் நூடுல்ஸும் போட்டு அடுப்பில் சுட்ட உணவைத் தட்டோடு, மேலே தாள் மூடி, காரின் பின் இருக்கையில் வைத்தாள்.

"வழியில சாப்பிடுங்க. தட்டைத் திருப்பித் தர வேண்டாம்" என்றாள். கட்டிப்பிடித்தாள். லமாண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துல்சாவில் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு விடுதியில் அறை கொடுத்திருந்தார்கள். ரோண்டா பையனோடு நாள் முழுக்கக் காரோட்டிப் போய்ச் சேர்ந்தபோது, லமாண்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் ஷூ சுத்தமாக இருந்தது. அடுத்த நாளும் சுத்தமாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும்.

"இன்னைக்குப் பயிற்சியில என்ன பண்ணினே?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் நின்னேன். மத்த நேரம் மீட்டிங்."

"எல்லாருக்குமா மீட்டிங்?"

"எனக்கும் தடுப்பாட்டக் கோச்சுக்கும்."

"நீ தடுப்பாட்டம் ஆடுறவன் இல்லையே, மாண்ட்."

அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அவள் ரிமோட்டைப் பிடுங்கி அதை அணைத்தாள்.

"வேட் போடுற கூப்பாட்டையெல்லாம் கேக்குறாங்களா?"

பந்து கிளம்புமுன் நடுவில் நிற்கும் வேட் ஒரு சொல்லைக் கத்துவான். 'மயாமி' என்றால் முன்வரிசை வலப்பக்கம் சாய வேண்டும். 'டாலஸ்' என்றால் இடப்பக்கம். எது எப்போது என்று, பயிற்சியில் அவன் பக்கத்தில் நின்ற லமாண்டுக்கு அத்துப்படி.

"கேட்டா என்ன பண்ணச் சொல்றே? வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்றான். "அவங்க என்னை வேண்டாம்னு தூக்கிப் போட்டவங்க. இவங்க எடுத்துக்கிட்டாங்க. கோச்சு சொன்னாரு, 'நீ எங்களுக்கு நல்லது பண்ணு, உன்னை நாங்க பாத்துக்கறோம்'னு. மூணு ஆட்டம்னு உயிரை எடுக்கிறது நீதானே?"

"விளையாடச் சொன்னேன். வித்துட்டு வரச் சொல்லல. வேட் உன்னை அண்ணன்னுதான் கூப்பிடுவான்."

"அண்ணன் வேலையில்லாம நின்னப்ப எந்தத் தம்பி வந்தான்?"

டோரி கொடுத்த தட்டில் மிச்சமிருந்ததை ரோண்டா குப்பையில் கொட்டினாள். டோரியின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மைதானத்துக்குப் போகவில்லை. அந்த இரைச்சலும் விளக்குகளும் பையனுக்கு ஆகாது. விடுதி அறையிலேயே தொலைக்காட்சி பார்த்தாள். லமாண்டை ஒருதரம் காட்டினார்கள். சீருடை இல்லை, கால்சட்டையும் மேல்சட்டையுமாகக் கோட்டோரம் நின்றான். ஆட இறக்காதவர்களில் ஒருவன். பெயர் பட்டியலில் இருக்கிறது. ஒன்று, என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டாள்.

வேடின் குரல் மைக்கில் தெளிவாக வந்தது. "மயாமி! மயாமி!" துல்சாக்காரர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறினார்கள். லூயிவில் வரிசை வலப்பக்கம் சாயவில்லை. இடப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் பந்தோடு ஓடியவனைத் தொடக்கூட ஆளில்லை.

'டாலஸ்' என்று கத்தினான். அதுவும் தலைகீழ்.

ரோண்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு ஆள் போன நிமிடமே சொற்களை மாற்றிவிடுவார்கள் என்பது லமாண்டுக்குத் தெரியாதா என்ன? லூயிவில்லில் இருந்த இரண்டு வருடமும் அப்படி மாற்றி மாற்றிப் படித்தவன்தானே. தன் விஷயத்தில் மட்டும் மாற்றமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறான். தன்னை அவ்வளவு தூரம் நினைத்துப்பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தானோ, தன்னைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தானோ!

துல்சா படுதோல்வி. அன்று சாயங்காலம் டோரியிடமிருந்து செய்தி வந்தது. "வேட் போன்ல ஒரே சிரிப்பு. லமாண்டுக்கு நன்றி சொல்லச் சொன்னான்."

ரோண்டா அதை அழித்துவிட்டு, அழித்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை துல்சா அவனை வேவரில் போட்டது. கோச் முகம்கூடக் கொடுக்கவில்லையாம். எதிரே வந்த ஒருவன் மட்டும், "மயாமி எந்தப் பக்கம் இருக்கு, தெரியுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போனானாம். அதைச் சொல்லும்போது லமாண்ட் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை கெடு. ஏதாவது ஒரு அணி எடுத்தால் முதன்மைப் பட்டியலில் இடம். இருவரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் போன். காலையில் ஐசாயாவுக்கு வலிப்பு வந்து போயிருந்தது. அசந்து தூங்கினான். ரோண்டா அவன் உதட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கெடு கடந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் லாரி ஓட்டப் போறேன்" என்றான் லமாண்ட்.

"அந்த வேலையில சேர்ந்த உடனேயா காப்பீடு தருவாங்க?"

"என்னை என்னதான் பண்ணச் சொல்றே, ரோண்டா? சொல்லேன்!" குரல் உடைந்தது. பையன் புரண்டான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது போன் அடித்தது. ஹாலிஸ். ஒலிபெருக்கியில் போட்டான்.

"போர்ட்லாந்து" என்றார் ஹாலிஸ். இந்தமுறை கத்தவில்லை. "முதன்மைப் பட்டியல். ஒரு வாரம். நல்லபடியா போனா இன்னொரு வாரம் கேட்டு வாங்கிடுவேன்."

"எதுக்கு என்னை?"

"ஞாயித்துக்கிழமை அவங்க துல்சாவோட ஆடுறாங்க." ஹாலிஸ் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. துல்சா கோச்சுங்க ஓரத்துல நின்னு காட்டுற கைஜாடை ஞாபகம் இருக்கான்னு. ஒரு அரைமணி நேரத்துல பதில் சொல்லு தம்பி. வரிசையில இன்னொருத்தன் இருக்கான்."

போன் அணைந்தது.

"மாட்டேன்" என்றான் லமாண்ட். "ஒருதரம் அசிங்கப்பட்டது போதும். நீ சொன்னது சரிதான். ஆடக் கூப்பிட்டா ஆடுறேன். இதுக்கு மாட்டேன்."

போன வாரம் இதைக் கேட்டிருந்தால் ரோண்டா அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்போது எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். கீழே ஒரு விமானம் ஓடுபாதையில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஞாபகம் இருக்குன்னு சொல்லு" என்றாள்.

"என்னது?"

"எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொல்லு, மாண்ட்."

"பைத்தியமா உனக்கு? நான் வந்த அன்னிக்கே லூயிவில் மாத்தினான். இவனுங்களும் இந்நேரம் மாத்தியிருப்பாங்க. நான் சொல்றது அத்தனையும் தப்பா இருக்கும்."

"இருக்கட்டும். அது தப்புன்னு போர்ட்லாந்துக்காரனுக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரியும். ஞாயித்துக்கிழமை உன் பேரு பட்டியல்ல இருக்கும்."

லமாண்ட் அவளைப் புதிதாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தான். "அப்புறம் எவன் என்னை ஆட்டக்காரன்னு மதிப்பான்?"

"யாரும் மதிக்க மாட்டாங்க" என்றாள். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது, துடைக்கவில்லை. "இன்னும் ரெண்டு. ரெண்டே ரெண்டு. அதுக்கப்புறம் லாரி ஓட்டு, மூட்டை தூக்கு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அவன் தூங்கும் பையனைப் பார்த்தான். பிறகு ஹாலிஸுக்குப் போன் போட்டான். "இருக்கு" என்று ஒரே சொல்தான் சொன்னான்.

ரோண்டா நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். பையன் எழுந்துவிடாதபடி குரலைத் தணித்துக்கொண்டு, தொலைக்காட்சியில் பார்த்த ஜாடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கோச்சு தொப்பியைத் தொட்டா என்ன?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"மாண்ட். தொப்பியைத் தொட்டா?"

"ஓட்டம்" என்றான். "இடப்பக்கம்."

"முழங்கையைத் தட்டினா?"

"நீள எறி."

"யோசிக்காம சொல்லணும். தடுமாறினா உனக்குச் சரியாத் தெரியாதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் ரோண்டா. "மறுபடி. தொப்பி?"