உப்பு தொடாத கணக்கு வாத்தியார்

லித்தியம் என்ற மருந்தை நான் நம்பினேன். மனம் ஒரு மாதம் உச்சாணிக்கொம்பிலும் மறுமாதம் படுபள்ளத்திலும் கிடக்கிற நோய்க்கு அது நல்ல கடிவாளம். அது மூளையில் என்ன செய்கிறது, எந்த அளவில் செய்கிறது என்று நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரியில் என் ஆராய்ச்சி. எங்கள் துறைத் தலைவருக்கு அதில் அரைகுறை நம்பிக்கை. "அளவு கொஞ்சம் கூடுனா ஆளையே சாச்சுப்புடும், பாத்துக்கோம்மா" என்பார். பார்த்துக்கொள்ளத்தானே நான் இருக்கிறேன் என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

களக்காட்டுக் கணக்கு வாத்தியார் ஒருவர் என்னிடம் வைத்தியத்தில் இருந்தார். மனம் உச்சிக்கு ஏறினால் தூக்கம் கிடையாது. ஒரு வெள்ளத்தின்போது தாமிரபரணியை நீந்திக் கடக்கிறேன் என்று குதித்தவரை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். பள்ளத்தில் இறங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். வேறு மருந்துகள் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. லித்தியம்தான் அவரை நிமிர்த்தியது. பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு அவர் என் முன்னால் வந்து நின்ற அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளிலேயே அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கை உதறியது, நாக்கு குழறியது, ஓயாத வாந்தி. ரத்தத்தில் லித்தியம் விஷ அளவுக்கு ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தி சலைன் ஏற்றினோம். மாத்திரை கூடிப் போனதா என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. நீங்க சொன்னபடி நான்தான் எடுத்துக் குடுக்கேன்."

தலைவர் முடிவு கட்டிவிட்டார். "இந்த மருந்து நம்ம ஊருக்குத் தோதுப்படாது. இவருக்கு இனிமே கிடையாது. உன் ஆராய்ச்சியையும் மூட்ட கட்டு."

"மருந்து இல்லன்னா இவரு திரும்ப ஆத்துலதான் சார் கிடப்பாரு. காரணத்தக் கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

"கண்டுபிடி, பாப்போம்."

கண்டுபிடித்த இடம் வார்டு. மத்தியானம். வாத்தியார் தெளிந்து உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள் நாரத்தங்காய் ஊறுகாயை நீட்டினாள். வாத்தியார் மனைவி பதறிக்கொண்டு தடுத்தாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா! அவுக உப்பு தொடமாட்டாக."

எனக்கு முதுகில் அறைந்தது போலிருந்தது. "என்னது? எப்பலேருந்து?"

"வேலை திரும்பக் கிடைச்சா அவுக ஒரு மண்டலம் உப்பில்லாச் சோறு சாப்பிடுவாகன்னு செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டேன். இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு."

அடக் கடவுளே! உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். குணமானதற்கு நன்றி செலுத்தப் போய், குணமாக்கிய மருந்தையே விஷமாக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். ஊறுகாயை மட்டும் வாங்கவில்லை.

"பாதியில விட்டா சாமி குத்தமாயிருமே டாக்டரம்மா. அவுக மேலல்லா வந்து விழும்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நேந்தது யாரு?"

"நான்தான்."

"அப்போ உன் வாயக் கட்டு. அவரு வாய ஏன் கட்டுத?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு பைய ஊறுகாயை வாங்கி அவர் தட்டில் வைத்தாள்.

"மிச்ச நாளுக்கு உப்பில்லாம நான் இருந்துக்கிடுதேன்."

தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கம்மியா ஆரம்பி. அடிக்கடி ரத்தம் பாரு" என்றார். அது போதும் எனக்கு. அன்றிலிருந்து விரதமா, நோன்பா, தவக்காலமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகே மாத்திரை எழுதினேன்.

மண்டலம் முடிந்து, திருச்செந்தூர் போய்விட்டு இருவரும் நேரே என்னிடம் வந்தார்கள். வாத்தியார் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார். கை நடுங்கவில்லை.

"கடல்ல முங்கும்போது ஒரு வாய் தண்ணி உள்ள போயிட்டு, டாக்டரம்மா" என்றாள் அவள். "உப்புக் கரிச்சுது. அங்கனயே நின்னு அழுதுட்டேன். அலை இழுத்துராம அவுகதான் என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாக."