தங்கச்சிமடத்து வட்டச் சதுரங்கம்

1958 மாசியில் தங்கச்சிமடம் போய் வந்தேன். படகுக்குப் பாய் தைக்கும் அந்தோணி இறந்துவிட்டதாக அவர் மைத்துனர் எழுதியிருந்தார். அந்தோணி துணி வாங்க மதுரைக்கு வந்தபோது எனக்குப் பழக்கமானவர். இரண்டு வருடமாகத் தபால் கார்டிலேயே சதுரங்கம் ஆடினோம். அதுவும் அவரே வகுத்த வட்டப் பலகையில்: நான்கு வளையங்கள், வளையத்துக்குப் பதினாறு கட்டம். கடைசி ஆட்டம் சண்டையில் நின்று பத்து மாதம் ஆகியிருந்தது. சண்டையைக் கிளப்பியவன் நான்தான்.

மதுரையில் காலை ஆறே காலுக்கு ரயில். மூன்றாம் வகுப்புக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய நூறு மைல், ஆறு மணி நேரம். பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு முண்டியடித்தார்கள். எனக்குக் கடல் பார்க்கும் மனசில்லை. ஸ்டேஷனிலிருந்து அரை மைல் மணல் நடை. செருப்பைக் கழற்றிவிடாதீர்கள், உள்ளங்கால் வெந்துவிடும்.

அந்தோணியின் மனைவி ஞானம்மாள் பலகையை எடுத்து வந்து விரித்தார். பாய்த்துணியில் நூலால் தைத்த வட்டம். காய்கள் நின்ற இடங்களை அந்தோணி கரியால் குறித்து வைத்திருந்தார். பார்த்ததும் என் தப்பு புரிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வட்டம் போடச் சோம்பல்பட்டு, நோட்டில் நான்கு நீள வரிசையாகக் கட்டம் போட்டு ஆடியவன் நான். பதினாறாம் கட்டத்துக்கு அடுத்தது முதல் கட்டம் என்பதை மறந்தே போனேன். அவர் யானை ஒரே கட்டம் நகர்ந்து என் ராணியை வெட்டியிருந்தது. என் நோட்டிலோ அது மறுகோடி, நடுவில் வேறு காய்கள் மறித்து நின்றன. ‘கள்ளாட்டம் ஆடுகிறவனோடு எனக்கென்ன பேச்சு’ என்று கார்டில் எழுதிப் போட்டுவிட்டேன்.

“தப்பு என்னோடதும்மா. அவர் சரியாத்தான் ஆடியிருக்கார்” என்றேன்.

“நேர்ல வந்து பாத்தா ஒங்களுக்கே வெளங்கிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக, அண்ணே. தபால்காரரு அந்தக் கார்டக் கடக்கரையில வச்சுல்ல வாசிச்சாரு! சாகுற மட்டும் அவுகளுக்குக் கள்ளாட்ட அந்தோணின்னுதான் பேரு. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அங்கன வந்து சொல்லுங்க.”

போனேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் சத்தமாகவே சொன்னேன். ஒருவர் கை வேலையை நிறுத்தாமல் கேட்டார்: “இம்புட்டுத் தூரம் வரத் தெரிஞ்ச ஆளு, அவன் இருக்கையில வந்திருக்கலாம்ல?”

வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்ப மாலை நாலரைக்கு ரயில் உண்டு. வினோதப் பலகையில் தபால் ஆட்டம் ஆடுகிறவர்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி பலகை செய்துகொள்ளுங்கள். கோபம் வந்தால் கவரில் வைத்து ஒட்டி அனுப்புங்கள். மன்னிப்புக்குக் கார்டே போதும். நாலு பேர் படிக்கட்டும். ஆள் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.