கடைசியாக இறங்குகிறவர்

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் படகில் அவரைச் சந்தித்தேன். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, இரண்டு முழங்கால்களையும் பொத்திப் பிடித்த கைகள். எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவாராம். எழும்பப் படும் பாட்டை யாரும் பார்க்கக்கூடாது என்று அவரே சொன்னார்.

தேய்ந்த முழங்கால்களுக்கு ஸ்டெம் செல் ஊசி போட அன்று கொழும்புக்குப் புறப்பட்டிருந்தார். இடுப்பெலும்பில் குத்தி எடுத்து முழங்காலில் போடுவார்களாம்.

"எடுத்த இடமும் நொந்து, போட்ட இடமும் நொந்தா, நான் எதால தம்பி நடக்கிறது?" என்று சிரித்தார்.

"ஊசிக்குப் பயமோ காக்கா?"

"ஊசிக்கில்ல. பள்ளியில இப்ப கதிரையில இருந்துதான் தொழுறன். நெத்திய நிலத்தில வச்சு சுஜூது செய்ய ஏலாது, நெத்தி நிலத்தில பட்டுக் கனகாலம். டொக்டர், சரிவரலாம், வராமலும் போகலாம் எண்டார். ஊசி போடாத வரைக்கும், ஒரு நாளைக்கு நெத்திய நிலத்தில வைப்பன் எண்டு நம்பிக்கொண்டிருக்கலாம். போட்டும் சரிவராட்டி?"

அவர் முழங்கால்களை மெல்லத் தடவிக்கொண்டார்.

படகு துறையை அடைந்தது. "நீங்கள் போங்கோ, நான் மெதுவா வாறன்" என்றார். நான் இறங்கி, அவருக்காக ஓர் ஆட்டோவை மறித்துக்கொண்டு நின்றேன். படகு மூதூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும் மூதூருக்குப் புறப்பட்டது. அவர் இறங்காமல் படகில் அதே இடத்தில் இருந்தார். கையைக் காட்டினேன். அவர் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்ப ஏலாமல் இருந்தாரா, எழும்பப் பயந்து இருந்தாரா, இன்றும் எனக்குத் தெரியாது.