வார்மருக்குள் போன என் கம்பைலர்

கம்பைலர் எழுதுகிறவள் செய்யும் தப்பு, இன்னொருவர் எழுதிய புரோகிராமில் ஒளிந்துகொண்டு, மூன்றாமவர் வாங்கிய மிஷினில் போய் வெளியே வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மனிதர்கள் எழுதும் புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதுதான் கம்பைலர். தொண்ணூறுகளில், கணபதி ஏரியாவில் ஒரு சின்ன கம்பெனியில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். சாயப் பட்டறை மிஷின்களை ஓட்டும் கன்ட்ரோலர்களில் பழகிய அந்தக் கம்பைலரை வைத்து, பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் செய்யப்போவதாக எங்கள் சூலூர் கஸ்டமர் நாச்சிமுத்து அண்ணன் வந்து சொன்னார். அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். அன்றைக்குப் பிடித்தது பயம். என் தப்புக்குக் கீழே யாராவது ஒரு குழந்தையைப் படுக்கவைத்துவிட்டால்?

பங்கு போடும் இடம்

நாங்கள் பயன்படுத்திய சிப்பில் மொத்த நினைவகமே நூற்று இருபத்தெட்டு எழுத்துக்கான இடம்தான். இன்லேண்ட் லெட்டரில் நலம் விசாரித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதனால், ஒரே நேரத்தில் ஓடாத இரண்டு வேலைகளுக்கு ஒரே இடத்தைக் கொடுக்கும்படி கம்பைலரை எழுதியிருந்தேன். ஒன்று முடிந்ததும் மற்றது அழித்து எழுதிக்கொள்ளும். இதை நோட்டில் கட்டம் போட்டு அண்ணனுக்கு விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார். "எங்க தறிக்குடோன்லயும் இதேதானுங்க அம்மணி. ஒரே கட்டிலு. ஒருத்தன் பகல்ல படுப்பான், ஒருத்தன் ராத்திரி படுப்பான். ரெண்டு பேரும் ஒண்ணா வந்துபோட்டா என்ன பண்ணுவீங்க?"

கான்வென்ட் இங்கிலீஷ்

அப்படி வரவே மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் இறங்கினேன். புரோகிராமில் தப்பான வரி இருந்தால் கம்பைலர் ஒரு செய்தி காட்ட வேண்டும். நான் படித்த கான்வென்டில் ப்ளீஸ் போடாமல் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அந்தப் பழக்கத்தில், பதினான்காவது வரியைத் தயவுசெய்து மறுபடி பார்க்கவும் என்கிற தோரணையில் எல்லாச் செய்திகளையும் எழுதிவைத்தேன். எங்கள் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் ரஃபீக் பாய் கோட்டைமேட்டுக்காரர். ஸ்கிரீனைப் பார்த்தபடியே டீ கிளாஸைக் கீழே வைத்தார். "திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம் மேடம். இது சிஸ்டர் தனியாக் கூப்பிட்டு, உங்கிட்ட நான் இதை எதிர்பார்க்கலைன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு."

நாலு டிகிரி

முதல் வார்மர் எங்கள் மேஜைக்கு வந்தது. குழந்தைக்குப் பதில் வெந்நீர் பாட்டில் வைத்தோம். முப்பத்தாறு என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது, மதியம் ஒரு தடவை நாலு என்று காட்டிவிட்டுத் திரும்ப முப்பத்தாறுக்கு வந்தது. தப்பென்று ஒரு செய்தியும் இல்லை. சிப் அந்த நாலை நம்பினால் ஹீட்டர் முழுசாக எரியும். பாய் வயரை மாற்றினார். அண்ணன் சென்சாரை மாற்றினார். மறுநாளும் நாலு வந்தது.

ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டதும் பயம் கொஞ்சம் ஒதுங்கிப்போனது. சிப், தன் கணக்கை அப்படியே நிறுத்திவிட்டு அடிக்கடி ஓடிப்போய் டிஸ்பிளேயில் எண்ணை மாற்றிவிட்டு வரும். அந்த ஓட்டத்தை முப்பது மடங்கு அதிகமாக்கிப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு நாலு வந்தது. புரிந்துபோயிற்று. வெப்பத்தின் சராசரிக்கு ஒரு வகுத்தல். அது முடிவதற்குள் டிஸ்பிளேக்காகவும் ஒரு வகுத்தல். இரண்டுக்கும் நான் கொடுத்தது ஒரே இடம். பாதிக் கணக்கின் மேல் இன்னொரு கணக்கு. வயர் இல்லை, சென்சார் இல்லை, நான்தான்.

இரண்டாவது வார்மர் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. தப்பு என்னுடையதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் போனை எடுத்து, நாங்கள் சொல்லும்வரை அதில் எந்தக் குழந்தையையும் படுக்கவைக்க வேண்டாம் என்றார். இன்னும் யாரையும் வைக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பு எங்க இருக்குதுன்னு தெரியாம இருந்துச்சு பாருங்க, அப்பத்தானுங்க எனக்குப் பயம்."

புறங்கை

குறுக்கே ஓடிவரும் வேலைகளுக்குத் தனி இடம் கொடுத்தேன். இடம் பற்றாவிட்டால் கம்பைலர் வேலை செய்யவே மறுத்துவிடும். ஒரு வாரம் அதே முப்பது மடங்கில் ஓடவிட்டோம். நாலு வரவேயில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், ஆஸ்பத்திரியில் இருந்த வார்மருக்குத் திருத்திய சிப்பை மாட்டப் போன அண்ணனோடு நானும் போனேன்.

முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு குழந்தையை அதில் படுக்கவைத்தார்கள். நான் குழந்தையைப் பார்க்கவில்லை, டிஸ்பிளேயில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை நர்ஸ் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கால்மணிக்கு ஒரு தடவை புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். மிஷின் சரியாகத்தானே காட்டுகிறது, எதற்கு இது என்று கேட்டேன். அவர் கையை எடுக்காமலே சொன்னார்: "ஏனுங்க, உங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சா, தெர்மாமீட்டர் சொல்றவரைக்கும் தொடாமயா இருப்பீங்க?"

அதன்பிறகு என் கம்பைலரை நம்பலாமா என்று யார் கேட்டாலும், பக்கத்தில் தொட்டுப் பார்க்க ஓர் ஆள் நிற்கும்வரை அதில் ஒரு தப்பும் கிடையாது என்றுதான் சொல்லி வருகிறேன்.